சதையும் சாத்தேயும்

நம் நாட்டுத் தமிழ் மேடைகளில் ஒரு சொல்லாராய்ச்சி நெடுங்காலமாக உலவி வருகின்றது. மலாய் மக்களும் சீனரும் நாமும் ஒருங்கே விரும்பி உண்ணும் 'சாத்தே' என்னும் சுட்ட இறைச்சியின் பெயர், நம் 'சதை' என்னும் சொல்லின் திரிபே என்பதுதான் அது. இதனைச் சொல்லும் பேச்சாளர் ஒரு கணம் நிறுத்துவார். அவையில் கைதட்டல் எழும். தமிழின் வீச்சு எத்துணைப் பெரிது என்று அருகிலிருப்பவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். கைதட்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இக்கூற்று நம் மேடைகளோடு நின்றுவிடவில்லை. உணவைப் பற்றிப் பிறமொழியில் எழுதுவோரும் இதனை எடுத்தாண்டிருக்கின்றனர். ஒருவர் எழுத, அதனை மற்றொருவர் எடுத்தெழுத, பலர் சொன்ன காரணத்தாலேயே அது மெய்யென்று நிலைபெற்றுவிட்டது. ஆனால் மாணாக்கர்க்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பில் உள்ள நாம், நமக்குப் பெருமை தருகின்ற ஒன்றைப் பிறவற்றினும் கடுமையாக ஆராய வேண்டியவர்கள் அல்லவா? ஆராய்ந்து பார்த்ததில் நான் கண்டவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். தமிழில் வல்லின எழுத்துகள் இடத்திற்கேற்ப ஒலி மாறுவன. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் அவை வன்மையாக ஒலிக்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து வரும்போது நெகிழ்ந்து ஒலிக்கும். 'பத்து' என்னும் சொல்லின் தகரமும் 'பதம்' என்னும் சொல்லின் தகரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் வேறு. கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் இதனை ஒரு விதியாகவே எடுத்துக்காட்டியிருக்கிறார். தமிழிலிருந்து மலாய் மொழி கடன்கொண்ட சொற்களை இவ்விதியோடு வைத்துப் பார்த்தால் வியப்பான ஒழுங்கு ஒன்று புலப்படும். பெட்டி அங்கே 'பெத்தி' ஆயிற்று. கட்டில் 'காத்தில்' ஆயிற்று. சுருட்டு 'செருத்து' ஆயிற்று. இரட்டித்த வல்லினம் எல்லாம் வன்மை குறையாமலேயே சென்று சேர்ந்தன. தனித்து வந்த வல்லினமோ வேறு வழி சென்றது. கடை 'கெடாய்' ஆயிற்று. அதன் டகரம் நாம் 'கடை' என்று சொல்லும்போது ஒலிப்பது போலவே நெகிழ்ந்து ஒலிப்பது. வாணிகத்திற்கு இடும் முதலைக் குறிக்கும் நம் 'முதல்' என்ற சொல், மலாயில் 'மொடால்' ஆயிற்று. இங்கும் தகரம் நெகிழ்ந்த ஒலியாகவே நிற்கின்றது.

'முதல்' என்பதன் நடுவிலும் தனித் தகரம். 'சதை' என்பதன் நடுவிலும் தனித் தகரம். அது நெகிழ்ந்த ஒலியோடு சென்றிருக்க, இது மட்டும் வன்மையேறிச் சென்றது எப்படி? சதை மலாய்க்குச் சென்றிருக்குமாயின், 'சடாய்' என்பது போன்ற ஒரு வடிவமே நமக்குக் கிடைத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லை. இதற்குச் சான்று தேடி நூலகம் செல்லவும் வேண்டுவதில்லை. நம் நாளிதழ்களும் நம் கடைப்பலகைகளும் அச்சொல்லை எப்படி எழுதுகின்றன? 'சாத்தே' என்று தகரத்தை இரட்டித்தே எழுதுகின்றன. ஒற்றைத் தகரம் இட்டால் ஒலி கெட்டுவிடும் என்பதை நம் காது அறியும். சாத்தே வேறு, சதை வேறு என்று நம் கையே எழுதிக் காட்டுகிறது. நம் வாய்தான் மேடையில் வேறு பேசுகிறது.

பொருளையும் பார்க்க வேண்டும். தமிழன் தான் உண்ணும் இறைச்சியைச் சதை என்று அழைக்கின்றானா? உடம்பின் சதையைச் சொல்வான். பழத்தின் சதையைச் சொல்வான். கடைக்குச் சென்றால் கறி என்பான். நூல் எழுதினால் ஊன் என்பான், இறைச்சி என்பான், கண்டிக்கப் புகுந்தால் புலால் என்பான். எலும்பு நீக்கிய பகுதியைச் சதைக்கறி என்பார்களே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்மைதான். அங்கும் உணவைக் குறிப்பது கறி. அதன் வகையைக் குறிப்பதே சதை. தமிழர் ஒருவர் இவ்வுணவுக்குப் பெயரிட்டிருந்தால் கறி என்ற சொல்லையே ஈந்திருப்பார். அந்தச் சொல் மலாய்க்கும் சென்றது, உலகெங்கும் சென்றது. அதற்குக் கைதட்டலாம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சீனர் சிலரிடமும் இத்தகைய கதை உண்டு. ஹொக்கியன் மொழியில் 'மூன்று துண்டு இறைச்சி' எனப் பொருள்படும் தொடர் ஒன்றிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர் அவர்கள். ஒரு குச்சியில் நான்கு துண்டு செருகியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். நாமோ சிரிப்பதில்லை. அதுதான் வேறுபாடு.

பெயர் தமிழிலிருந்து செல்லவில்லை எனின், உணவு எங்கிருந்து வந்தது? சாவகத் தீவின் தெருவோர வணிகரிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது உருப்பெற்றது என்றும், அரபு நாட்டாரும் இந்திய முஸ்லிம்களும் கொணர்ந்த கபாப் வகைகளே அதற்குத் தூண்டுதலாய் இருந்திருக்கலாம் என்றும் உணவு வரலாறு எழுதுவோர் பலர் கருதுகின்றனர். அவ்வணிகருள் தமிழ் முஸ்லிம்களும் இருந்திருத்தல் கூடும். இருந்திருந்தால் அவர்கள் தந்தது ஒரு சமையல் முறை. ஒரு சொல் அன்று. சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் தொழிலை விட்டுவிட்டோம் என்பதே என் முறையீடு.

அத்தொழிலைக் காணக் கோலாலம்பூரிலிருந்து தென்கிழக்கே காஜாங் வரை சென்றால் போதும். சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், சாத்தே நகரம் என்றே பெயர் பெற்றுவிட்டது. சாவகத்திலிருந்து குடிபெயர்ந்த தஸ்மின் என்பவர் 1917ஆம் ஆண்டில் அங்கே சாத்தே விற்கத் தொடங்கினார் என்பது அவ்வூரார் வழங்கிவரும் வரலாறு. அவர் உறவினரும் அடுத்த தலைமுறையினரும் அத்தொழிலை மேற்கொண்டனர். அவர்களைப் பார்த்துப் பிறரும் மேற்கொண்டனர். பிற்காலத்தில் ஹாஜி சமூரி என்பவரின் பெயர் தாங்கிய கடை கிளைகள் பலவாகப் பெருகி, அவ்வூரின் பெயரை மற்ற நகரங்களுக்கும் கொண்டு சென்றது. துண்டுகள் சற்றுப் பெரியனவாக இருத்தலும், இனிப்பான கடலைக் குழம்போடு வதக்கிய மிளகாய் விழுது தனியே வைக்கப்படுதலும் காஜாங் முறையின் அடையாளங்கள்.

உண்பவன் காண்பது மாலையில் எழும் புகையை மட்டுமே. வேலையோ அதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடும். இறைச்சியை நார்ப்போக்கு அறிந்து சிறு துண்டுகளாக அரிய வேண்டும். செரை எனும் எலுமிச்சைப்புல், சித்தரத்தையின் இனமான லெங்குவாஸ், மஞ்சள், கொத்துமல்லி விதை, சோம்பு, சர்க்கரை ஆகியவற்றை அரைத்துப் பிசறி ஊறவைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு துண்டாகக் குச்சியில் கோக்க வேண்டும். கொழுப்புத் துண்டு ஒன்று நடுவே அமைந்தால்தான் தீயில் உருகி மற்றத் துண்டுகள் வறளாமல் காக்கும். கோக்கும் வேலைதான் குடும்பத்தை ஒன்றாக அமர்த்துவது. தாயும் மகளும் பள்ளிவிட்டு வந்த சிறுவனும் ஒரு பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து, பேசிக்கொண்டே நூற்றுக்கணக்கில் கோப்பார்கள். இப்போது மூங்கிற்குச்சி கட்டுக்கட்டாக விலைக்குக் கிடைக்கிறது. முன்பு தென்னை ஈர்க்கைச் சீவிப் பயன்படுத்தினார்கள். மலாயில் அதற்கு 'லிடி' என்று பெயர். நம் பாட்டிமார் வாழையிலை தைத்ததும் விளக்குமாறு கட்டியதும் அதே ஈர்க்கினால்தான்.

அடுப்பு ஆளின் அகலத்திற்குச் சற்றே நீண்ட இரும்புத் தொட்டி. அதில் கரி கனன்றுகொண்டிருக்கும். சுடுபவர் ஒரு கையால் விசிறி, மறுகையால் குச்சிகளைக் கொத்தாகப் புரட்டுவார். எலுமிச்சைப்புல்லின் தண்டை நசுக்கித் தூரிகைபோல் ஆக்கி எண்ணெய் தடவுவார். எண்ணெய் கரியில் சொட்டும், புகை எழும், அப்புகையே இறைச்சிக்கு மணம் ஊட்டும். எப்போது விசிற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில்தான் அவருடைய கல்வி முழுவதும் இருக்கின்றது. சுடர் எழுந்தால் கருகும். தணல் தாழ்ந்தால் வேகாது. ஒரு தலைமுறை மறுதலைமுறைக்கு இதனை எழுதிக் கொடுப்பதில்லை; பக்கத்தில் நிற்கவைத்துத்தான் கற்பிக்கிறது. பழைய கடைகளில், உண்டு முடித்தபின் மேசையில் கிடக்கும் குச்சிகளை எண்ணியே காசு கேட்பார்கள். மாட்டிறைச்சி உண்ணாத நம்மவர் கோழியோ ஆடோ கேட்பர். கடைக்காரரும் முகம் பார்த்தே அறிந்துகொண்டு, கோழியா என்று தமிழிலேயே கேட்பதுண்டு. இந்நாட்டில் மூவினமும் ஒரே தீயின் முன் அமரும் இடங்கள் பல இல்லை. அவற்றுள் ஒன்று இது.

இனி நம் நூல்களுக்கு வருவோம். பத்துப்பாட்டுள் பொருநராற்றுப்படை இரண்டாவது. முடத்தாமக்கண்ணியார் கரிகாற் பெருவளத்தானைப் பாடியது. 248 அடிகளை உடையது. அதில் அரசன் பொருநர்க்கு விருந்தூட்டும் பகுதியை மாணாக்கர் பலரும் படித்திருப்பர். புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் வேகவைத்த தொடையை உண்ணச் சொல்கிறான். அதன்பின் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுவிய துண்டுகளைத் தருகிறான். துண்டுகள் தீயிலிருந்து இறங்கிய சூடு ஆறாதவை. ஆதலால் உண்பவர்கள் அவற்றை வாயின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றி மாற்றி ஒற்றிக்கொள்கிறார்கள். இரவும் பகலும் ஊனையே தின்றதனால் கொல்லையை உழுத கொழுவைப்போல் பல் மழுங்கிவிட்டது என்றும் அப்பொருநன் கூறுகிறான். கம்பியைக் குறிக்க அங்கே வரும் சொல் 'காழ்' என்பது. மரத்தின் வயிரம், விதை, மாலையின் வடம், நட்ட தறி, இருப்புக்கோல் என அதற்குப் பல பொருள்கள் உண்டு.

புறநானூற்றின் 14ஆம் பாட்டு இதற்கும் ஒருபடி மேலே செல்கின்றது. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, இது மென்மையாக இருக்கின்றதே என்கிறான். உன் கை வில்லும் யானையின் தோட்டியும் பிடித்து வலிதாயிற்று. உன்னைப் பாடுவோர் கைகளோ ஊனும் சோறும் உண்ட வருத்தம் அன்றி வேறு வருத்தம் அறியாதன, ஆதலின் மென்மையாயின என்று கபிலர் விடை கூறுகிறார். அவ்விடையில் இறைச்சியைச் சொல்லும்போது, பச்சை ஊனின் வாடை நீங்க நறுமணப் புகை ஊட்டியதையும் மறவாது குறிக்கின்றார். புகைதான் சுவை என்பது அந்தப் புலவர்க்குத் தெரிந்திருக்கிறது. காஜாங்கில் விசிறி பிடித்து நிற்பவர்க்கும் தெரிந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்பு ஒன்றில் பொருநராற்றுப்படையின் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். (பெயர்க்காரணத்தில் ஐயத்திற்கே இடமில்லாத ஊர் அது, 1880களில் கோலாலம்பூரைச் செங்கல்லால் எடுத்துக்கட்டியபோது சூளைகள் இருந்த இடம்.) காழ் என்பதற்கு நச்சினார்க்கினியர் உரையைத் தழுவி இருப்புக்கம்பி என்று பொருள் எழுதிப்போட்டேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சாத்தே மாதிரியா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சினம் வந்தது. சங்க இலக்கியத்தைத் தெருக்கடையோடு ஒப்பிடாதே என்று அவனை அமர்த்திவிட்டு அடுத்த அடிக்குப் போனேன். அவன் அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் என் தவறு எனக்கு உறைத்தது. அவன் சொன்னதே சரியான உரை. உரையாசிரியர் கம்பி என்ற பொருளைத் தந்தார். அவனோ கம்பியின் சூட்டையும் கொழுப்பு உருகுவதையும், நாக்கு சுடாமல் இருக்க வாயில் மாற்றிக்கொள்வதையும் ஒரு சொல்லால் காட்டிவிட்டான். சாத்தே சதையிலிருந்து வந்தது என்று மேடையில் சொன்னவரைக் கைதட்டிப் போற்றிய நான், சாத்தேயைக் கொண்டு முடத்தாமக்கண்ணியாரைப் புரிந்துகொண்டவனை வாய்மூடச் செய்தேன். முன்னதில் நமக்குப் பெருமை கிடைக்கிறது. பின்னதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதனை எளிதாக ஏற்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

ஒலி ஒப்புமை இல்லாத இடத்தில் நம் ஆர்வம் எவ்வாறு அவிந்து போகின்றது என்பதையும் காணலாம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சீனர் கடைகளில் சிவந்த குடற்பொதிகள் இணையிணையாகத் தொங்குவதை யார்தான் பார்த்ததில்லை? லாப் சோங் என்பது அதன் பெயர். பன்றியின் இறைச்சியையும் கொழுப்பையும் அரிந்து, உப்பு, சர்க்கரை, அவரைச்சாறு, மது ஆகியவற்றோடு பிசைந்து, கழுவிய குடலில் அடைத்து, நூலால் இடையிடையே கட்டி உலர்த்துவர். அப்பெயரின் முதற்பகுதி சீன ஆண்டின் கடைசித் திங்களைக் குறிப்பது. தென்சீனத்தில் அது குளிர்ந்த வறண்ட காற்று வீசும் காலம். உலர்த்தத் தக்க பருவம். பனிக்காலமே இல்லாத இந்நாட்டிற்கு வந்தபின் வெயிலும் அடுப்பின் சூடும் அக்காற்றின் வேலையைச் செய்கின்றன. பருவம் போயிற்று, பெயரில் மட்டும் பருவம் இருக்கின்றது. குடிபெயர்ந்தோர் வாழ்க்கையை ஒரு சொல்லுக்குள் காணவேண்டுமானால் இதனினும் சிறந்தது கிடைக்காது. ஆயினும் நம்மவர் எவரும் இதனைப் பற்றி மேடையில் பேசியதை நான் கேட்டதில்லை. பேச என்ன இருக்கிறது? அதில் தமிழ் ஒலி இல்லை.

தமிழ் ஒலி இருக்கும் இடத்திலாவது பேசினோமா? உப்புக்கண்டம் நம்முடையது. உப்பும் மஞ்சளும் தடவிய துண்டுகளைக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைப்பது. என் பாட்டி தோட்டத்து லயத்தில் அடுப்புக்கு மேலே அதனைத் தொங்கவிட்டிருப்பார். விறகுப்புகை பட்டுப்பட்டு அது கறுத்துப் போயிருக்கும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் சமைக்கப்படும் வாடூன், அதாவது உலர்ந்த ஊன், இதற்கு மூத்தது. ஈராயிரம் ஆண்டு நீண்ட கயிறு ஒன்று எங்கள் லயத்தின் அடுப்புவரை வந்திருந்தது. பெயரைப் பற்றி ஐயமே இல்லை. ஆனால் அதைச் சொன்னால் யாரும் கைதட்டமாட்டார்கள். லயத்தை நினைவூட்டுவதால் சிலர் முகம் சுளிக்கவும் கூடும்.

இதற்கு ஒரு காரணம் நம் இலக்கிய மரபினுள்ளேயே உண்டு. வள்ளுவர் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். சமண பௌத்த அறங்களும் பின்வந்த சைவ ஒழுக்கமும் ஊனுணவைப் போற்றுதற்குரிய பொருளாக வைக்கவில்லை. அவ்வறத்தை நான் குறைகூறவில்லை. ஊன் உண்ணாதார் என் வீட்டிலும் உளர். ஆனால் ஒழுக்கநெறி ஒன்று. கண்முன் உள்ள வாழ்க்கையை எழுதாமல் விடுதல் வேறொன்று. என் வாசிப்பின் எல்லைக்குள், இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதைகளில் இரப்பர் மரத்தின் பால்மணம் உண்டு. கள்ளுக்கடையின் மணம் உண்டு. சாத்தேக் கடை வந்தால், காதலர் சந்திக்கும் இடமாகவோ நண்பர் கடன் கேட்கும் இடமாகவோ வந்து போகின்றது. சுடுபவரின் முகம் வருவதில்லை. அவருடைய தாத்தா கப்பலேறி வந்ததும், நம் தாத்தா கப்பலேறி வந்ததும் ஒரு கதையில் சந்திப்பதில்லை. கப்பல் என்ற சொல் நம்மிடமிருந்து அவர் மொழிக்குச் சென்றது என்பதை மட்டும் மறவாமல் எழுதிவிடுகிறோம்.

சாத்தே என்ற சொல்லின் முடிவான பிறப்பை நான் இங்கே நிறுவிவிட்டதாகக் கருத வேண்டா. ஓர் ஒலிவிதிக்கு விலக்குகள் இருக்கலாம். விலக்கு என்று சொல்வோர், அதே காலத்தில் அதே வழியில் சென்ற வேறு சொற்களில் தனித் தகரம் வன்மையேறியதைக் காட்டட்டும்; பழைய மலாய் ஏடுகளில் அச்சொல் இடைவடிவங்களோடு வருவதைக் காட்டட்டும். காட்டினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். காட்டும்வரை, மாணாக்கரின் கட்டுரையில் 'சதையே சாத்தே ஆயிற்று' என்று வந்தால், அதன் கீழ்க் கோடிட்டுச் சான்று கேட்பது ஆசிரியரின் கடமை. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். காழ் வரும் இடத்தில் பலகையில் ஒரு குச்சி வரைந்து நான்கு துண்டுகளைச் செருகிக் காட்டுகிறேன். சென்ற முறை ஒரு மாணவி, தன் வீட்டுக்குப் பக்கத்தில் சாத்தே விற்கும் மலாய் அம்மையாரிடம் கேட்டு வந்து, ஈர்க்கில் கோத்த காலத்தில் முதலில் அதைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், இல்லாவிட்டால் இறைச்சி வேகுமுன் குச்சி எரிந்துவிடும் என்றாள். கரிகாலன் விருந்தில் அந்தத் தொல்லை இருந்திராது என்று சொல்லிப் பாட்டின் அடுத்த அடிக்குப் போனோம்.